பார்பிக்யூ ட்ரெய்லருக்கு ஆக்ஸில் வாங்கும் முன்

இறைச்சி சுடும் டிரம்மையும் அடுப்பையும் ஏற்றி, வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போவதுதான் பார்பிக்யூ ட்ரெய்லர். நான் செய்த முதல் ட்ரெய்லருக்கு ஆக்ஸிலைத்தான், அதாவது இரண்டு சக்கரமும் மாட்டும் அச்சைத்தான், முதலில் வாங்கினேன். யாரோ ஒரு பழைய சரக்கு ட்ரெய்லரைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆக்ஸில், இரண்டு பக்கமும் அதிர்வைத் தாங்கும் வில் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), சக்கரம் மாட்டும் ஹப், ரிம் எல்லாம் மொத்தமாகக் கிடைத்தது. ஒவ்வொரு பட்டையும் 800 கிலோ தாங்கும். பலமாக இருந்தால் நல்லதுதானே என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் அதன் மேல் சேசிஸ், சேசிஸ் மேல் டிரம், பின்னால் அடுப்புப் பெட்டி. எல்லாம் சேர்த்து 600 கிலோகூட வந்திருக்காது.

முதல் நீண்ட ஓட்டத்தில் என் மச்சினன் பின்னால் இன்னொரு வண்டியில் வந்தான். அரை மணி நேரத்தில் போன். "மாமா, நீங்க இழுத்துட்டுப் போறது ட்ரெய்லரா, தவளையா?" ஓரமாக நிறுத்தி அடுப்புப் பெட்டியைத் திறந்தால், உள்ளே அடுக்கியிருந்த ஃபயர் பிரிக்கில், அதாவது சூடு தாங்கும் செங்கல்லில், பாதி தூளாகிக் கிடந்தது. கதவுக் கீல் பற்றவைத்த இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். தெர்மாமீட்டரின் முள் கழன்று கண்ணாடிக்குள் உருண்டது.

பட்டை மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 1,600 கிலோ ஏற்றினால் வளைவதற்கென்று செய்த பட்டையில் 500 கிலோவை வைத்தால் அது எங்கே வளையும்? பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் நேராகச் சேசிஸுக்கு ஏறும். அன்றிலிருந்து எனக்கு ஒரே வழக்கம்: முதலில் எடை, அப்புறம் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற கணக்கு, கடைசியாகத்தான் ஆக்ஸில்.

சரக்கு ட்ரெய்லர் இன்று காலியாகப் போகும், நாளை நிறைந்து போகும். அதன் பட்டை இரண்டுக்கும் நடுவில் சமாளித்துக்கொள்ள வேண்டும். பார்பிக்யூ ட்ரெய்லர் அப்படி இல்லை. அது என்றைக்கும் காலியாகாது. பாரம் வண்டியோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதனால் பட்டையைத் துல்லியமாகத் தேர்ந்தெடுக்க முடியும், அது நமக்குக் கிடைத்த வசதி. ஆனால் பாரம் உயரத்தில் இருக்கிறது, ஒரு முனையில் குவிந்திருக்கிறது, போதாததற்கு உள்ளே நெருப்பு வேறு. இந்த மூன்றும் தொல்லை.

எடைக்கு ஒரே ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1 மி.மீ. தடிப்புள்ள இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. 6 மி.மீ. என்றால் 47 கிலோ, 10 மி.மீ. என்றால் 78.5 கிலோ. மீதியெல்லாம் பள்ளிக்கூடக் கணக்கு.

இப்போது என்னிடம் இருக்கும் ட்ரெய்லரையே எடுத்துக்கொள்கிறேன். டிரம் 76 செ.மீ. விட்டம், 2.3 மீட்டர் நீளம், 6 மி.மீ. தகடு. உருளைப் பகுதி 5.5 சதுர மீட்டர், இரண்டு மூடியும் சேர்த்து 0.9. மொத்தம் சுமார் 300 கிலோ. அடுப்புப் பெட்டி 60 செ.மீ. கனசதுரம், 10 மி.மீ. தகடு: 170 கிலோ. தட்டுகள், கீல், புகைக்குழாய் 60. சேசிஸ் 100 × 50 × 3 மி.மீ. பெட்டிக்குழாய், மீட்டருக்கு 6.7 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, 14 மீட்டர் போனது: 95 கிலோ. முன்னால் விறகுப் பெட்டியில் 80 கிலோ விறகு, அதன் பக்கத்தில் சாமான் பெட்டி 65. ஆக்ஸில், பட்டை, சக்கரம் எல்லாம் சேர்ந்து 110. கூட்டினால் 880 கிலோ.

இதில் ஏமாறும் இடம் அடுப்புப் பெட்டிதான். பார்க்கச் சின்னதாக இருக்கும். டிரம்மின் நீளத்தில் கால் பங்குதான், எடையில் பாதிக்கு மேல். உள்ளே ஃபயர் பிரிக் அடுக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் எண்ணி எடை போட்டுச் சேருங்கள். இந்த முறை நான் அடுக்கவில்லை, தகட்டையே தடிப்பாக்கிவிட்டேன்.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டிக்காரர்கள் சொல்லும் முன்பாரம், பின்பாரம்தான் இங்கேயும். முன்பாரம் அதிகமானால் இழுக்கும் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், முன் சக்கரத்துக்குப் பிடிப்புக் குறையும். பின்பாரம் அதிகமானால் கொக்கியை மேலே தூக்கும், வேகம் ஏறும்போது ட்ரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். இரண்டில் பின்னது பயங்கரம். ஆட ஆரம்பித்த ட்ரெய்லர் இழுக்கும் வண்டியையும் சேர்த்துச் சுழற்றிவிடும். பந்துக் கொக்கியில் இழுக்கும் இந்த மாதிரி ட்ரெய்லருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி மேல் அமர வேண்டும். உங்கள் இழுவை வண்டியின் கொக்கிக்கு அதற்குக் குறைவான உச்ச வரம்பு எழுதியிருந்தால் அந்த எண்ணுக்குத்தான் கட்டுப்பட வேண்டும்.

அதற்கு ஆக்ஸிலை எங்கே வைப்பது? ட்ரெய்லர் நீளத்தில் முன்பக்கத்திலிருந்து 60 சதவீதம் தள்ளி வை என்று ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். பாரம் சமமாகப் பரவிய வண்டிக்கு அது சரி. பின்னால் 170 கிலோப் பெட்டி தொங்கும் வண்டிக்கு அது எமன்.

கொக்கியிலிருந்து ஒவ்வொரு பாகத்தின் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் அளந்து, அந்த எடையால் பெருக்குங்கள். எனக்கு டிரம்மும் தட்டுகளும் 2.5 மீட்டரில், சேசிஸ் 2.3, அடுப்புப் பெட்டி 3.95, விறகும் சாமானும் 1 மீட்டரில். பெருக்கிக் கூட்டினால் 1,935. இதில் ஆக்ஸில், சக்கரத்தின் 110 கிலோவைச் சேர்க்க வேண்டாம், அது தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். ஆக 880-இல் மீதி 770 கிலோ. அதில் கொக்கிக்கு விட நினைக்கும் எடையைக் கழித்து, வந்த எண்ணால் 1,935-ஐ வகுத்தால் ஆக்ஸில் நிற்க வேண்டிய இடம் கிடைக்கும். 12 சதவீதம், அதாவது 106 கிலோ கொக்கிக்கு விட்டேன். 1,935-ஐ 664-ஆல் வகுத்தால் 2.91 மீட்டர்.

சரி, முடிந்தது என்று சாக்பீஸால் கோடு போட்டுவிட்டேன். இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. திரும்பி வரும்போது விறகு இருக்காதே!

எழுந்து திரும்பக் கணக்குப் போட்டேன். 80 கிலோ விறகு எரிந்து போனால் வண்டி 800 கிலோ. ஆக்ஸில் 2.91-இல் இருந்தால் கொக்கியில் மிஞ்சுவது 53 கிலோதான், ஏழு சதவீதம்கூட இல்லை. போகும்போது ஒழுங்காகப் போன வண்டி, களைத்துப்போய் இருட்டில் திரும்பும்போது வாலை ஆட்டியிருக்கும். அதனால் விறகு இல்லாத நிலையை வைத்துக் கணக்கிட்டு, அப்போது சரியாக 10 சதவீதம் வரும்படி ஆக்ஸிலை 3.04 மீட்டருக்குத் தள்ளினேன். விறகு நிறைந்திருக்கும்போது அதே இடத்தில் 134 கிலோ, 15 சதவீதத்தை ஒட்டி. இரு பக்கமும் வரம்பின் ஓரத்தைத் தொட்டு நிற்கிறது. இப்போது செய்தால் விறகுப் பெட்டியை ஆக்ஸிலுக்கு நேர் மேலே, டிரம்முக்கு அடியில் வைப்பேன். அப்போது விறகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொக்கிக்குத் தெரியாது.

எவ்வளவு தாங்கும் ஆக்ஸில்

கொக்கியில் 134 போக, தரையில் இரண்டு சக்கரமும் தாங்குவது 746 கிலோ. பாதுகாப்புக்குக் கால் பங்கு கூட்டினால் 930 சொச்சம். 1,000 கிலோ ஆக்ஸில் எனக்குச் சரி. பட்டைகளுக்குச் சக்கரம், ஆக்ஸிலின் எடை வராது, அவை தாங்குவது 636 கிலோ. கால் பங்கு கூட்டினால் 800. ஆகவே ஒரு பட்டைக்கு 400.

கடையில் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பட்டையில் எழுதியிருக்கும் எண் சில இடத்தில் ஒன்றுக்கு, சில இடத்தில் ஜோடிக்கு. நான் ஒரு பட்டைக்கு 800 என்று தெரிந்தே ஏமாந்தவன். தெரியாமல் ஏமாறுவது இன்னும் சுலபம்.

ஆக்ஸில் பலம் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை, பட்டை அப்படி அல்ல. 1,500 கிலோ ஆக்ஸில் குழாய் மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். அதற்கு மேல் உங்கள் எடைக்கு ஏற்ற பட்டையைப் போடுங்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் ஆக்ஸில், பட்டை, ஹப், டயர், கொக்கி இவற்றில் எது குறைவோ அதுதான் வண்டியின் தாங்கு எடை.

டயரின் பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் ஒரு எண் இருக்கும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ, 88 என்றால் 560, 91 என்றால் 615. எனக்கு ஒரு சக்கரத்துக்கு 373 கிலோதான். 88 போட்டேன். வருடத்தில் முக்கால்வாசி நாள் நின்றே கிடக்கும் வண்டி இது, டயர் தேய்வதற்கு முன் காய்ந்து வெடிக்கும். டயர் செய்த வாரமும் வருடமும் பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தில் இருக்கும்.

இரட்டை ஆக்ஸில் பற்றிக் கேட்பார்கள். 1,500 கிலோவைத் தாண்டினால் யோசியுங்கள். மேட்டிலும் பள்ளத்திலும் அமைதியாகப் போகும், ஒரு டயர் வெடித்தாலும் சமாளிக்கும். ஆனால் கையால் தள்ளித் திருப்பி ஓர் ஓரத்தில் ஒதுக்க முடியாது. அதைச் செய்யத்தான் நமக்கு அடிக்கடி வேண்டியிருக்கும்.

பிரேக் எந்த எடையிலிருந்து கட்டாயம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய நாடுகளில் 750 கிலோவுக்கு மேல் வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும், ஆக்ஸில் வாங்கும்போதே பிரேக் தட்டைப் போல்ட்டில் பிடிக்க வளையத் தகடு (ஃபிளாஞ்ச்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பிறகு பற்றவைத்துச் சேர்ப்பது தலைவலி.

பட்டையா, ரப்பரா

ஆக்ஸிலை நேராகச் சேசிஸில் பற்றவைத்துவிடலாம், சஸ்பென்ஷனே வேண்டாம் என்று ஒரு கட்சி இருக்கிறது. வீட்டு முற்றத்துக்குள் உருட்ட அது போதும். சாலைக்கு என் ஃபயர் பிரிக் கதையே பதில்.

டார்ஷன் ஆக்ஸில் என்பது சதுரக் குழாய்க்குள் இன்னொரு கம்பி, நடுவே ரப்பர் உருளைகள். சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொடுக்கும். அழகான வேலை. சத்தம் இல்லை, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும், வண்டியும் தாழ்வாக உட்காரும். மற்ற எந்த ட்ரெய்லருக்கும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன். இதற்கு எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குழாயில் வெல்டிங் வைத்தால் உள்ளே ரப்பர் வெந்துவிடும், போல்ட்டில்தான் மாட்ட வேண்டும். மேலே மணிக்கணக்கில் எரியும் பெட்டியின் வெப்பமும் ரப்பருக்கு ஆகாது. எடைக் கணக்கு தப்பிப்போனால் ரப்பரை மட்டும் மாற்ற முடியாது, முழு ஆக்ஸிலும் மாற வேண்டும். பட்டையில் தப்பு செய்தால் பட்டையை மட்டும் மாற்றலாம். நான் மாற்றியிருக்கிறேன்.

காரின் பின் ஆக்ஸிலைக் காயில் ஸ்பிரிங்கோடு (சுருள் வில்) கழற்றி வருபவர்களும் உண்டு. காயில் ஸ்பிரிங் பாரத்தை மட்டும்தான் தாங்கும், ஆக்ஸில் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கத் தனியாகக் கைகள் வேண்டும். பட்டை இரண்டு வேலையையும் ஒன்றே செய்கிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் துள்ளலும் தானாகவே அடங்கும், ஷாக் அப்சார்பர் இல்லாமல் ஒப்பேறிவிடும்.

பழைய ஆக்ஸில் வாங்கினால் ஹப்பைச் சுழற்றிக் காதை வையுங்கள், பேரிங் கரகரப்பது கேட்டுவிடும். பேரிங் போனால் போகட்டும், மாற்றிக்கொள்ளலாம். பேரிங் உட்காரும் ஸ்பிண்டிலில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் வேண்டாம். அப்புறம் சக்கரங்களின் முன் விளிம்புகளுக்கு இடையேயும் பின் விளிம்புகளுக்கு இடையேயும் டேப் பிடியுங்கள். கணிசமாக வித்தியாசம் இருந்தால் ஆக்ஸில் எங்கோ அடி வாங்கியிருக்கிறது.

மாட்டும்போது

நிறைய ஆக்ஸில் குழாய்கள் நேராக இருக்காது. நடுப்பகுதி வில் போல மிக லேசாக மேலே வளைந்திருக்கும், பாரம் ஏறியதும் நேராகும். வளைவு மேல்நோக்கி இருக்கும்படிதான் மாட்ட வேண்டும். பட்டை ஆக்ஸிலுக்கு மேலே இருந்தால் வண்டி உயரும், கீழே இருந்தால் தாழும். டிரம் ஏற்கெனவே உயரம் என்பதால் நான் கீழே வைத்தேன். இங்கே சிலர் ஆக்ஸிலையே தலைகீழாகத் திருப்பிவிடுவார்கள். வளைவும் சேர்ந்து கவிழும், டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும். திருப்பாதீர்கள். பட்டை உட்காரும் இருக்கையை மறுபக்கம் பற்றவையுங்கள்.

இதே வளைவினால்தான் ஜாக்கியை ஆக்ஸில் குழாயின் நடுவில் கொடுக்கக் கூடாது. சேசிஸில் கொடுங்கள்.

அகலத்தைப் பொறுத்தவரை, டிரம் உயரத்தில் இருப்பதால் சக்கரங்கள் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு நல்லது. என் சேசிஸ் 110 செ.மீ., ஹப் முகத்துக்கு ஹப் முகம் 150. டயருக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு சாண் இல்லாவிட்டாலும் 10 செ.மீ. இருக்கிறது.

இப்போது முக்கியமான இடம். பட்டையின் நடு போல்ட்டின் தலை, ஆக்ஸில் இருக்கையில் உள்ள ஓட்டைக்குள் முழுதாக இறங்கியிருக்க வேண்டும். விரலால் தடவிப் பாருங்கள். ஆக்ஸிலை இடம் மாறாமல் பிடிப்பது அதுதான். பட்டையையும் ஆக்ஸிலையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டை இறுக்கும்போது அந்தத் தலை அரைகுறையாக ஏறி நின்றால், நூறு கிலோமீட்டரில் ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்துவிடும்.

பட்டையைச் சேசிஸில் பிடிக்கும் ஹேங்கர்களை முதலில் டேக் மட்டும், அதாவது புள்ளி புள்ளியாகத் தற்காலிக வெல்டிங் மட்டும், வையுங்கள். அடுத்து கொக்கியின் நடுப்புள்ளியில் ஒரு ஆணி அடித்து, டேப்பை மாட்டி, ஆக்ஸிலின் இடது முனைக்கு ஓர் அளவு, வலது முனைக்கு ஓர் அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். எனக்கு முதலில் 9 மி.மீ. வந்தது. என் மச்சினன், "மாமா, ஒன்பது மில்லிதானே, விடுங்க" என்றான். விட்டால் ட்ரெய்லர் நண்டு மாதிரி ஒருக்களித்து நடக்கும், இரண்டு டயரும் தேயும். டேக்கை உடைத்து, தட்டி, திரும்ப அளந்து, நாலாவது தடவையில் 2-க்கு வந்தது. அப்புறம்தான் முழு வெல்டிங். வெல்டிங் பொறி பட்டை மேல் விழாமல் ஈரச் சாக்கைப் போடுங்கள். பட்டையில் ஒரு புள்ளிகூடப் பற்றவைக்கக் கூடாது, அங்கேதான் ஒடியும்.

யூ போல்ட்டைப் புதிதாகவே வாங்குங்கள். பழையது ஒரு முறை இழுபட்டு நீண்டது. நான்கு நட்டையும் குறுக்குவாட்டில் மாறி மாறி இறுக்கி, முழுப் பாரம் ஏறிய பிறகு மறுபடி இறுக்குங்கள்.

நெருப்பு

ஆக்ஸிலை 3.04 மீட்டருக்குத் தள்ளியதில் ஒரு விளைவு. டயரின் பின் விளிம்புக்கும் அடுப்புப் பெட்டிக்கும் நடுவில் 30 செ.மீ.தான் மிச்சம். முதல் சோதனையில் இரண்டு மணி நேரம் எரியவிட்டு டயரைத் தொட்டேன். கையை வைத்திருக்க முடியவில்லை. நடுவில் ஒரு மெல்லிய தகடு நிறுத்தினேன், பெட்டியிலிருந்து 25 மி.மீ. காற்று இடைவெளி விட்டு. ஒட்டி வைத்தால் தகடும் சூடாகும், பயனில்லை. இப்போது டயர் வெயிலில் நின்றது போலத்தான் சுடுகிறது. பட்டையின் முனை வளையமான கண்ணில் நைலான் புஷ் (உள் உறை) வந்தால் பித்தளைக்கு மாற்றிவிடுங்கள். தணலை அள்ளி மூடி போட்ட இரும்பு வாளியில் போட்ட பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும் என்று சொல்லவே வேண்டாம்.

நின்றபடி எரியும்போது பட்டை மேல் விடாதீர்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் ஆடும், கொழுப்பு வடியும் துளைப் பக்கம் டிரம் சாயாமல் போகும். நான்கு மூலையிலும் திருகு ஜாக்கி கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

கட்டி முடித்ததும் எடை மேடைக்கு ஒரு முறை போய் வாருங்கள். கொக்கி எடைக்கு வீட்டில் ஆள் எடை பார்க்கும் கருவியே போதும். ஒரு பலகையின் ஒரு முனைக்குக் கீழே செங்கல், மறுமுனைக்குக் கீழே கருவி. செங்கல் பக்கமிருந்து 30 செ.மீ., கருவிப் பக்கமிருந்து 60 செ.மீ. இருக்கும் இடத்தில் கொக்கியை நிறுத்துங்கள். பலகையின் எடையைக் கழித்துவிட்டு, காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். விறகோடு ஒரு முறை, விறகில்லாமல் ஒரு முறை. என் கணக்கில் 134, கருவியில் 141 வந்தது. பெயின்ட்டையும் கொக்கியையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

முதல் ஓட்டத்தில் 15, 40, 80 கிலோமீட்டரில் நிறுத்திச் சக்கர நட்டுகளை இறுக்குங்கள். 80-இல் யூ போல்ட்டையும் சேர்த்து. நிறுத்தும்போதெல்லாம் ஹப்பில் புறங்கையை வையுங்கள். இளஞ்சூடு சரி. இரண்டில் ஒன்று மட்டும் சுட்டால் அந்தப் பக்கப் பேரிங் நட்டு இறுகிவிட்டது. ஆறவிட்டு, மூடியைக் கழற்றி, நட்டை முழுதாகத் தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள்.